மீன் தர மறுத்த கொளத்தூர் கடை

போன பிப்ரவரியில் முதன்முறை இந்த வண்ண மீன் கடைக்குப் போனபோது நியான் டெட்ரா என்கிற குட்டி மீன் பத்து கேட்டேன். கடைக்கார அண்ணன் வலையை எடுக்கவில்லை. "தொட்டி எத்தனை அடி? உள்ளே வேற என்ன மீன் இருக்கு?" என்றார். இரண்டரை அடி, இரண்டு ஏஞ்சல் என்றேன். "அப்ப நியான் தர மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் பயந்தது என் வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் வேறொரு கடையில், "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்" என்று பத்து நியானும், ஒரு ரூபாய் நாணய அளவில் இரண்டு ஏஞ்சலும் கொடுத்தார்கள். ஐந்தே மாதத்தில் ஏஞ்சல்கள் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டன. நியான் மூன்றுதான் மிச்சம். செத்து மிதந்ததாக ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஏஞ்சலின் வாய்க்குள் அடங்குகிற மீன் அது. என் மகள் ஒவ்வொரு காலையும் எண்ணிப் பார்த்து, குறைந்த கணக்கைச் சொல்வாள்.

கூட்டம் குறையும்வரை நின்றேன். அப்புறம் அவர் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. இப்படிப் பேசுகிற கடையை நான் பார்த்தது இது ஒன்றுதான். மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா? என்ன செடி? தரையில் மணலா, கல்லா? மே மாதம் தண்ணீர் எவ்வளவு சூடாகும்? கடைசிக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் மாடி வீட்டில் கோடையில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகும். நியானுக்கு 25 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் நல்லது, அதனால் ஏஞ்சலை எடுத்துவிட்டாலும் நியான் வேண்டாம் என்றார். ஏஞ்சல் இரண்டையும் அவரே திருப்பி எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த மூன்று நியானைப் பெரிய கூட்டமாக நியான் வளர்க்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது இது: எட்டு செர்ரி பார்ப், பத்து ஹார்லிக்வின் ரஸ்போரா, ஆறு ஸ்டெர்பாய் கோரிடோராஸ், ஒரு ஜோடி ஹனி குராமி. குராமி மேல்மட்டம், ரஸ்போரா நடு, பார்ப் செடிகளுக்கு இடையில், கோரி தரையில். ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று போட்டி போடாது. கோரியில் வெண்கல நிறத்தது மலிவாகவே இருந்தது. ஸ்டெர்பாய் ஒன்று 250 ரூபாய். கோரி வகைகளில் சூட்டைத் தாங்குவதில் இது கெட்டி என்பதால் அதையே எடுக்கச் சொன்னார். கூர்மையான கல்லில் கோரியின் மீசை தேய்ந்துவிடும் என்று முதலில் கல்லை மாற்றி மெல்லிய மணல் போட வைத்தார்.

டைகர் பார்ப் கேட்டேன். அதுவும் கிடையாது, குராமியின் நீளமான மெல்லிய துடுப்பைக் கடித்தே தீர்த்துவிடுமாம். தொட்டிப் பாசியைத் தின்ன சக்கர் மீன் கேட்டேன். "ஒரு அடிக்கு மேல வளரும், உங்க செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுடும்" என்றார்.

பணத்தை நீட்டியும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தரவில்லை. முதல் நாள் செர்ரி பார்ப் மட்டும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா, மீன் எண்ணிக்கை கூடக் கூடத்தான் பெருகும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு வகை என்று நான்கு தடவை பெரம்பூரிலிருந்து வண்டி ஓட்டினேன்.

செர்ரி பார்ப் இலங்கையின் ஓடைகளில் பிறந்த மீன். கடைத் தொட்டியில் வெளிறிப்போய், தேநீர்க் கறை மாதிரி இருந்தது. இதற்கா எட்டு என்று நினைத்தேன். வீட்டில் கிரிப்டோகோரைன் செடிகளின் நிழலில் விட்ட மூன்றாவது வாரம் ஆண் மீன் மூன்றும் மிளகாய்ப் பழச் சிவப்பாகிவிட்டன. பெண்ணை நோக்கிப் பக்கவாட்டில் திரும்பித் துடுப்புகளை விரிக்கும்போது அந்தச் சிவப்பு வால்வரை ஓடும். ராத்திரிச் சாப்பாட்டை இப்போது தொட்டிக்கு எதிரில்தான் சாப்பிடுகிறோம்.

குறையும் உண்டு. இங்கே செடி வாங்காதீர்கள். நான் வாங்கிய வாலிஸ்நேரியாவோடு நத்தை முட்டையும் வந்து, இன்றுவரை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். விலை பக்கத்துக் கடைகளைவிட மீனுக்குப் பத்து ரூபாய் கூடுதல். போனில் ஆர்டர் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் அவர் பேசவே மாட்டார், அவ்வளவு கூட்டம். மே மாதம் ஒரு ரஸ்போரா செத்தது. மற்றது எல்லாம் எட்டு மாதமாக நலம். போன வாரம் ஆண் குராமி மேலே மிதந்த இலைக்கு அடியில் முட்டைக்காக நுரைக் கூடு கட்டியது.

பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். வேண்டுமென்றால் கேளுங்கள், வழி சொல்கிறேன். வார நாளில் காலையில் போங்கள், தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போங்கள்.