ஸ்கிரைபஸ் 1.6: பத்திரிகை வேலைக்கு ஆகுமா?

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கத்து டிடிபி கடைகளில் இன்னும் கோரல் டிராவும் பேஜ்மேக்கரும்தான் ராஜ்ஜியம். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸ் அந்த இடத்துக்கு வருமா? கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பிட் நோட்டீஸ் வரைக்கும் தாராளமாக வரும். ஃப்ளெக்ஸுக்கு மட்டும் வேண்டாம்.

பழைய 1.4 வரிசையைத் தொட்டவர்கள் தமிழே சரிவராது என்று ஒதுக்கியிருப்பார்கள். நியாயம்தான், அதில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றது. 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் எழுத்துக் கோக்கும் முறையே புதிது. ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ எல்லாம் ஒழுங்காக அமர்கின்றன. எழுத்துரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தடித்த எழுத்தைத் தானாகப் பருமனாக்கிக் காட்டும் வேலை இதில் கிடையாது. தடித்த வடிவம் தனிக் கோப்பாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழை கூகுளில் இறக்கினால் மாறும் எழுத்துரு (எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில்) ஒன்றும் ‘ஸ்டாட்டிக்’ என்ற கோப்புறையும் வரும். கோப்புறையில் உள்ளவற்றை நிறுவுங்கள்.

யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மேட்டரை அப்படியே ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். முதலில் யூனிகோட் மாற்றியில் போட்டு எடுக்கவும். மாற்றும்போது ஆங்கிலத்தில் இருந்த இனிஷியல், பட்டம், மின்னஞ்சல் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும். அழைப்பிதழில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பகுதியில் நாற்பது பெயர் இருந்தால் நாற்பது இனிஷியலையும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டே ஆக வேண்டும். கோரல், பேஜ்மேக்கர் கோப்புகளை ஸ்கிரைபஸ் திறக்கும் என்பது உண்மை. ஆனால் அடுக்கு கலைந்துதான் வரும். படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தைப் புதிதாகப் போடுவதே வேகம்.

இந்த மென்பொருளின் பலம் அச்சகத்துக்கென்றே உள்ள பிடிஎஃப் வகையான பிடிஎஃப்-எக்ஸ். ஆவண அமைப்பில் பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி விடும் ஓரம்) நான்கு பக்கமும் 3 மிமீ கொடுத்து, கலர் மேனேஜ்மென்ட்டை இயக்கிவிட்டு, பிடிஎஃப் ஏற்றுமதியில் எக்ஸ்-1ஏ அல்லது எக்ஸ்-4 தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீ-பிரஸ் தாவலில் ‘இன்ஃபோ ஸ்ட்ரிங்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வேலையின் பெயரையாவது எழுதாவிட்டால் சேமிக்க விடாது. பலர் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படச் சுருக்கத்தை ‘லாஸ்லெஸ்’ என்று வையுங்கள். அச்சகத்தில் கோரலில் திறந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால் எழுத்துரு தாவலில் எல்லாவற்றையும் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிடுவது நல்லது. அதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகவே மூலக் கோப்பு பத்திரம்.

எக்ஸ்-1ஏ நிழல், மங்கல், ஊடுருவும் வண்ணம் எதையும் ஏற்காது. ஸ்கிரைபஸ் அவற்றைத் தட்டையாக்கியும் தராது. சரிபார்ப்புப் பலகையில் பிழை என்று காட்டுவதோடு சரி. கோபுரப் படத்தின் விளிம்பை மங்கலாக்கி மஞ்சள் பின்னணியில் கரைப்பது நம் ஊர்ப் பத்திரிகைகளில் எப்போதும் உள்ளது. அதைப் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பிலேயே பின்னணியோடு சேர்த்து ஒற்றைப் படமாக்கி டிஃப்பில் சேமித்துக் கொண்டுவரவும். பிஎன்ஜி, அச்சின் நான்கு மை வண்ணமான சிஎம்ஒய்கே-யைத் தாங்காது; ஜேபெக் தாங்கும், ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் எழுத்தோரத்தில் அழுக்கு சேரும்.

கோட்டோவிய மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் வரைந்த பிள்ளையார், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணத்தை எஸ்விஜி-யாகக் கொண்டுவந்தால் கறுப்பு, திரைக்கான வண்ண முறையான ஆர்ஜிபி-யாக வரும். வண்ணப் பட்டியலில் ‘ஃப்ரம் எஸ்விஜி’ என்று தொடங்கும் பெயர்களைப் பாருங்கள். அந்தக் கறுப்பை அப்படியே விட்டால் நான்கு பிளேட்டிலும் பிரியும். பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோட்டோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். ‘பிளாக்’ என்ற தனிக் கறுப்பால் அதை மாற்றியாக வேண்டும். சின்ன எழுத்துக்கும் இதே விதி. மையளவை அச்சு முன்னோட்டத்தில் பார்க்கலாம், அதற்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிறுவியிருக்க வேண்டும். நான்கு மையும் சேர்ந்து ஆர்ட் பேப்பருக்கு 300 சதவீதம், நியூஸ்பிரிண்டுக்கு 240 தாண்டாமல் இருந்தால் பின்பக்கம் ஒட்டாது, காயவும் செய்யும்.

தஞ்சாவூர் ஓவியத்தை அட்டையில் போட ஆசைப்படுவோருக்கு ஒன்று: தங்க ரேக் ஸ்கேனில் பழுப்பாகத்தான் விழும், சிஎம்ஒய்கே-யில் மினுங்காது. மினுங்க வேண்டிய இடத்தைத் தனி வடிவமாக வரைந்து, வண்ணத்தை ‘ஸ்பாட்’ என்று குறித்து ‘தங்கம்’ என்று பெயரிட்டால் ஐந்தாவது பிளேட்டாகப் பிரியும். ஸ்கிரைபஸில் இது இரண்டு நிமிட வேலை.

படத்தின் அளவில் எந்த மென்பொருளும் மாயம் செய்யாது. ஏ5 பக்கம் முழுக்க 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) போட 1748 × 2480 பிக்சல் வேண்டும், பிளீடு தனி. ஸ்வாமி படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வைத்த படத்தின் உண்மையான பிபிஐ ‘கான்டென்ட்’ பலகையில் தெரியும். சரிபார்ப்புப் பலகையும் குறைந்த தரத்தைக் கேட்காமலே காட்டிக்கொடுக்கும். வாடிக்கையாளரிடம் வாதாடுவதற்கு அது ஒன்றே போதும்.

குறைகளும் உண்டு. படம் நிறைந்த மலர் 60 பக்கம் தாண்டினால் பழைய கணினியில் திணறும். முந்தைய செயலைத் திரும்பப் பெறும் வசதி சில இடங்களில் சொதப்பும், அடிக்கடி சேமிப்பது நலம். உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் விரிவாக இருக்கின்றன. பத்தடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸை 72 பிபிஐ-யில் எடுத்தால் 8640 × 5184 பிக்சல். அதை கிம்ப்பிலேயே செய்து ஜேபெக்காக அனுப்புவதே எளிது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்.