எட்டு ஆண்டுகள், இரண்டு கறுப்பு, ஒரே குழாய்

கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டிலேயே அச்சிட எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அன்று காலையில்தான் என் பிரிண்டரின் கழிவு மைத் தொட்டி நிறைந்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்து, அதைக் கழற்றிப் புதியதை மாட்டியிருந்தேன். கழற்றிய தொட்டி நான் நினைத்ததைவிடக் கனத்தது. உள்ளிருந்த பஞ்சு அடி முதல் விளிம்பு வரை கறுப்பாக ஊறியிருந்தது. எட்டு ஆண்டுகளில் இது நான்காவது தொட்டி. அதில் இருந்ததெல்லாம் படமாகியிருக்க வேண்டிய மை. அந்தக் கனம் கையில் இருந்தபோதே பதில் சொன்னதால் என் பேச்சில் கோபம் கூடிவிட்டது. இந்த இயந்திரத்துக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. குறை ஓர் அமைப்பு முறையைப் பற்றியது என்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் என்னிடம் இருந்த சாதாரண பிரிண்டர், நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்கும். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் படம் லேசாகப் பச்சை தட்டும்; இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் அதே படம் சிவந்து தெரியும். வெவ்வேறு ஒளியில் வெவ்வேறு நிறம் காட்டும் இந்தக் கோளாறு, வண்ணப் படத்தில் யார் கண்ணிலும் படாமல் போகலாம். கறுப்பு வெள்ளையில் ஒளிந்துகொள்ள அதற்கு இடமே இல்லை. முழுக் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என்று மூன்று அடர்த்தியில் கறுப்பு மை வைத்து இதற்குத் தீர்வு காணும் முறையை எப்சன் 2005இல் கே3 என்ற பெயரில் கொண்டுவந்தது. கேனன் 2011இல் வெளியிட்ட பிக்ஸ்மா ப்ரோ-1இல் 12 மைகளில் ஐந்து மைகள் கறுப்பும் சாம்பலுமே. என் பிரிண்டரும் இந்தக் கொள்கைப்படி அமைந்ததுதான். அதன் கறுப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டால் வண்ண மைகள் சாயலைத் திருத்துவதற்கு மட்டும் சொட்டளவில் சேர்கின்றன; மற்ற வேலை முழுவதையும் சாம்பல் மைகளே செய்கின்றன. எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட என் படம் விளக்குக்கு விளக்கு நிறம் மாறியதில்லை.

அப்பா கடைசிக் காலத்தில் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழைய பிரிண்டரில் அந்தக் கம்பளி ஒரே கறுப்புத் திட்டாகத்தான் விழுந்தது. புதியதை வாங்கிய வாரம், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் கொண்ட சோதனைப் பட்டையை அச்சிட்டு, கடைசி மூன்று கட்டங்களும் தனித்தனியாகத் தெரியும் வரை அமைப்புகளைச் சரிசெய்துவிட்டுத்தான் அப்பாவின் படத்தைப் பளபளப்பில்லாத பருத்தி மேட் தாளில் போட்டேன். கம்பளியின் மடிப்புகள் தெரிந்தன. மடிப்புக்குள் அவர் விரல்கள் மறைந்திருந்ததும் தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்தவன் நான். அவர் போர்வையைப் பற்றிக்கொண்டிருந்தார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இவ்வளவு தந்த இயந்திரத்தின் மேல் எனக்கென்ன கோபம் என்றால், அதில் முழுக் கறுப்பு மை இரண்டு வகை, அவை மையைத் தாளில் தெளிக்கும் அச்சுத் தலைக்குச் செல்லும் பாதையோ ஒன்றே ஒன்று. பளபளப்புத் தாளுக்குப் போட்டோ கறுப்பு, மேட் தாளுக்கு மேட் கறுப்பு. தாளை மாற்றினால் கறுப்பையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது குழாயில் நிற்கும் மை அத்தனையும் கழிவுத் தொட்டிக்குப் போகும். மேட் கறுப்பிலிருந்து போட்டோ கறுப்புக்குத் திரும்பும்போது வீணாவது, எதிர்த்திசையில் மாறும்போது வீணாவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மேட் கறுப்பு பளபளப்பான பரப்பில் பிடிக்காது, விரல் பட்டால் இழுகிவிடும். ஆகவே ஒரு துளிகூட மிச்சமில்லாமல் கழுவித் தள்ளிய பிறகுதான் இயந்திரம் அடுத்த வேலைக்குத் தயாராகிறது. அந்த மூன்று நான்கு நிமிடங்கள் பம்பு ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது எனக்கு இன்றுவரை பழகவில்லை.

இரண்டு கறுப்பும் தேவைதான் என்பதை மறுக்க முடியாது. போட்டோ கறுப்பை மேட் தாளில் போட்டால் நிழல்கள் எல்லாம் வெளுத்த சாம்பலாகக் கிடக்கும். சரியான மையைப் போட்டாலும் மேட் தாளின் உச்சக் கறுப்பு அடர்த்தி 1.6 அல்லது 1.7 அளவில் நின்றுவிடுகிறது; பேரைட்டா என்ற வெண்ணிறக் கனிமம் பூசிய நல்ல பளபளப்புத் தாளில் அது 2.3ஐத் தாண்டும். இந்த எண்கள் மடக்கைக் கணக்கு என்பதால் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். 1.6 என்றால் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2.5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் கறுப்பு; 2.3 என்றால் அரை சதவீதம். ஐந்து மடங்கு வித்தியாசம். இரவுத் தெருவும் மழையில் நனைந்த கல்லும் பேரைட்டாவைக் கேட்கின்றன. முகங்களும் பனிமூட்டமும் மேட் தாளில்தான் அமைதியாக உட்காருகின்றன. இரண்டில் ஒன்று போதும் என்று என்னால் ஒருநாளும் முடிவு செய்ய இயலவில்லை.

மை வீணாவதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. படம் எந்தத் தாளைக் கேட்கிறது என்று யோசிக்காமல், பிரிண்டரில் இப்போது எந்தக் கறுப்பு நிற்கிறது என்று பார்த்து அச்சிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. மேட் கறுப்பு நிற்கிறதே என்பதற்காகவே இரவுப் படம் ஒன்றைப் பருத்தித் தாளில் போட்டுச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினேன். அதைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் கறுப்பு போதவில்லை என்று எனக்குத் தெரியும். கருவியைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துவதாக நினைத்துக்கொண்டு என் கண்ணையே குறைத்துக்கொண்டேன்.

மை வெளிவரும் நுண்துளைகளான நாசில்கள் அடைத்துக்கொள்வதைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். வாரத்துக்கு ஒரு சிறு படமாவது அச்சிட்டு, அறைக்காற்று மிக வறண்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் அது பெரிய தொல்லையாக இருப்பதில்லை.

மையைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். சுவரில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய படம் என்றால் நிறமித் துகள்கள் கொண்ட பிக்மென்ட் மைதான், அதில் எனக்குத் தயக்கமில்லை. முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளையே அச்சிடுபவர்கள், வண்ண மைகளை எடுத்துவிட்டுப் பல அடர்த்தியிலான கார்பன் மைகளை நிரப்பிக்கொள்ளும் ஜான் கோனின் பியசோகிராஃபி முறையையும் பார்க்க வேண்டும். எப்சன் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு மையும் எவ்வளவு விழ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த ராய் ஹாரிங்டன் உருவாக்கிய குவாட்டோன்ரிப் என்ற மென்பொருளும் இருக்கிறது. தூய கார்பன் மை சற்றே பழுப்பு தட்டும். அதை நடுநிலைச் சாம்பலாக்கச் சேர்க்கும் வண்ண நிறமிகளே கார்பனுக்கு முன் மங்கக்கூடியவை. அந்தப் பழுப்பை ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால், அதைவிட உறுதியான மை கிடையாது. முகங்களுக்கு அந்தச் சூடு பொருந்துகிறது என்பது என் கருத்து.

இத்தனை புகழ்ச்சிக்குப் பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில், ஒரே குழாயில் இரண்டு கறுப்பை மாற்றி ஓட்டும் எந்த பிரிண்டரையும், பழையது மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம் என்பதுதான். அச்சுத் தரத்தில் குறை இருப்பதால் சொல்லவில்லை. கேனன் ப்ரோ-1000இல் இரண்டு கறுப்பும் எப்போதும் தயாராக நிற்கின்றன. எப்சன் 2020இல் வெளியிட்ட பி700, பி900 இரண்டிலும் ஒவ்வொரு கறுப்புக்கும் தனி நாசில் வரிசை உண்டு. தனித்தனியாகக் கொடுக்க முடியும் என்பது தெளிவாகிவிட்ட பிறகு, மாற்றுவதற்காகக் கொட்டும் மையை யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

என்னுடையதை நான் இன்னும் விற்கவில்லை. அது இப்போது மேட் கறுப்பில் நிற்கிறது. பளபளப்புத் தாளில் போட வேண்டிய ஒன்பது படங்களை ஓர் உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். பதினைந்து சேர்ந்த பிறகுதான் கறுப்பை மாற்றுவேன்.