அழியாத பேரேடு: டிரிக்கர், ஹேஷ் சங்கிலி, மெர்க்கிள் மரம் – எது போதும்?

பால் கொள்முதல் நிலையத்தில் விழும் ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் 412, காலை, 6.5 லிட்டர், கொழுப்பு 4.1 சதவீதம். இதைச் சேமிக்க எந்த டேட்டாபேஸும் போதும். ஆறு மாதம் கழித்து 6.5 என்பது 5.5 ஆகியிருந்தால் அது யார் கண்ணிலாவது படுமா என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் சுரண்ட மாட்டார்கள், தவறினால் எதிர்ப்பதிவு போடுவார்கள். மென்பொருளிலும் அதே ஒழுக்கம் வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் வழிகளை எடைபோடும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: யாரிடமிருந்து பாதுகாக்கிறோம்?

முதல் வழி, அனுமதிப் பூட்டு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள். செயலியின் ரோலுக்கு (டேட்டாபேஸ் கணக்குக்கு) இன்சர்ட்டும் செலக்ட்டும், அதாவது சேர்க்கவும் படிக்கவும் மட்டும் அனுமதி. அப்டேட் (திருத்து), டெலிட் (நீக்கு) கட்டளை வந்தால் தானாக ஓடிப் பிழை எழுப்பும் ஒரு டிரிக்கர். அரை நாள் வேலை, செயலியின் பிழையிலிருந்து முழுப் பாதுகாப்பு. ஆனால் பதிவு வாரியாக ஓடும் டிரிக்கர், டேபிளையே காலிசெய்யும் ட்ரங்கேட்டுக்கு ஓடவே ஓடாது. அதற்குக் கட்டளை அளவில் தனி டிரிக்கர் வேண்டும். அடுத்த ஓட்டை, செயலியே டேபிளின் உரிமையாளராக லாகின் ஆவது. மைக்ரேஷனுக்கு (டேபிள் அமைப்பை மாற்றும் வேலைக்கு) வைத்த பாஸ்வேர்டையே செயலிக்கும் கொடுத்துவிட்டால் டிரிக்கரை அணைக்க ஒரு வரி போதும். இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசரின் பாஸ்வேர்டு ஒருவர் கையில் இருக்கும்வரை, ‘முடியாது’ என்பதை இந்த வழி மட்டும் நிறைவேற்றாது.

இரண்டாவது, ஹேஷ் சங்கிலி. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் எஸ்எச்ஏ-256 ஹேஷைச் சுமக்கிறது. ஹேஷ் என்பது எந்தத் தரவையும் நிலையான நீளமுள்ள கைரேகையாகச் சுருக்கும் கணக்கு, எஸ்எச்ஏ-256 அதில் ஒரு வகை. நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின் சங்கிலி அறுந்து நிற்கும். ஒரு பதிவுக்கு ஆறு புலங்கள் போதும்: வரிசை எண், நிகழ்ந்த நேரம், பதிவான நேரம், பதிந்தவர், உள்ளடக்கம், முந்தைய ஹேஷ். இரண்டு நேரங்களையும் ஒன்றாக்கக் கூடாது. காலை 6 மணிக்கு அளந்த பாலை நெட் வந்தபின் 11 மணிக்குப் பதிந்தால் இரண்டுமே உண்மை.

சங்கிலி தானாக அறுவதற்குப் பெரும்பாலும் திருடன் காரணமல்ல, பைட்டுகள்தான். உள்ளடக்கத்தை ஜேசன்பி (சாவி-மதிப்பு இணைகளாக எழுதும் ஜேசனின் போஸ்ட்கிரெஸ் வடிவம்) ஆகச் சேமித்தால் போஸ்ட்கிரெஸ் அதன் சாவிகளை இடம் மாற்றும், இடைவெளிகளை நீக்கும், இரட்டைச் சாவியில் ஒன்றைத் தூக்கிவிடும். பிறகு எடுத்து ஹேஷ் செய்தால் பொருந்தாது. எந்த பைட்டுகளை ஹேஷ் செய்தோமோ அவற்றையே அப்படியே பைட்டியா என்ற மூல பைட் வகையில் வைக்க வேண்டும். 6.5, 6.50 என்ற குழப்பம் வராமல் 6500 மில்லிலிட்டர் என்று முழு எண்ணாக எழுதலாம். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு பொறி உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரட்டையாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹேஷ் முற்றிலும் வேறு. ஜேசனை நிலையான வடிவுக்குக் கொண்டுவரும் ஆர்எஃப்சி 8785 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) இதைத் தொடுவதில்லை. அதனால் எழுத்தை உள்ளே வாங்கும் இடத்திலேயே யூனிகோடின் சீரான என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். புலங்களை ஒட்டும்போது ஒவ்வொன்றுக்கும் முன் அதன் நீளத்தை எழுதுங்கள். இல்லையென்றால் ‘412’, ‘65’ என்பதும் ‘41’, ‘265’ என்பதும் ஒரே ஹேஷ் தரும்.

வரிசை எண்ணை, தானாக எண் தரும் போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸிடம் விடக் கூடாது. எழுதுவது பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் அது எடுத்த எண்ணைத் திருப்பித் தராது. 1041க்குப் பிறகு 1043 வந்தால் தணிக்கையாளர் நடுவில் ஒன்றைக் கிழித்துவிட்டதாகத்தான் நினைப்பார். ஒரு நேரத்தில் ஒருவரே எழுதும்படி அட்வைசரி லாக் எடுத்து, கடைசிப் பதிவைப் படித்து, ஒன்று கூட்டுவதே சரி. பரிவர்த்தனை முழுவதும் தரவின் ஒரே ஸ்னாப்ஷாட்டைக் காணும் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் இதுவும் சறுக்கும், லாக்குக்குக் காத்திருக்கும் முன்பே ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டுவிடுவதால் பழைய தலையை, அதாவது பழைய கடைசிப் பதிவைத்தான் காணும். வரிசை எண்ணுக்கும் முந்தைய ஹேஷுக்கும் யூனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது) கட்டுப்பாடு இருந்தால் சங்கிலி கிளை பிரியாமல் பிழையோடு நிற்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை பாக்கி. எழுதும் உரிமை உள்ளவர் பழைய பதிவை மாற்றிவிட்டு அங்கிருந்து சங்கிலி முழுவதையும் புதிதாகக் கோத்துவிடலாம். பத்து லட்சம் பதிவுக்கு ஹேஷ் கணக்கிட லேப்டாப்புக்குச் சில விநாடிகள் போதும். எனவே தலை ஹேஷ், அதாவது கடைசிப் பதிவின் ஹேஷ், வேறொருவர் கைக்குப் போயாக வேண்டும். ஆய்வாளர்கள் ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் 1991-இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த ஷூரட்டி நிறுவனம், 1995 முதல் வாரம் ஒருமுறை நியூயார்க் டைம்ஸின் சிறு விளம்பரப் பகுதியில் ஹேஷை அச்சிட்டது. அச்சான பத்திரிகையைத் திரும்ப வாங்க முடியாது என்பதே அதன் பலம். இன்று தணிக்கையாளருக்கு மின்னஞ்சல், ஆர்எஃப்சி 3161 நேர முத்திரை, கெடு முடியும்வரை அழிக்க விடாத அமேசான் எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கின் கம்ப்ளையன்ஸ் முறை என்று வழிகள் உண்டு. இரவுக்கு ஒருமுறை அனுப்பினால் அன்றைய பகல் முழுவதும் திருத்தத்துக்குத் திறந்தே கிடக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை அனுப்புவது பெரிய செலவல்ல.

மூன்றாவது, மெர்க்கிள் மரம். பதிவுகளின் ஹேஷ்கள் இலைகள், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஹேஷ் செய்தால் கணுக்கள், கடைசியில் மிஞ்சும் ஒற்றை ஹேஷ் வேர். 412-ஆம் உறுப்பினர் மற்றவர் கணக்கைப் பார்க்காமல் தன் பதிவு உள்ளே இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டுமா? அங்கே சங்கிலி திணறும், மரம் ஜெயிக்கும். 10,48,576 பதிவுகளில் ஒன்றுக்குச் சான்று 20 ஹேஷ்கள், மொத்தம் 640 பைட்டுகள். இணையதளங்களின் டிஎல்எஸ் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பொதுவில் பதியும் ஆர்எஃப்சி 6962 இதைத்தான் செய்கிறது. இலைக்கு முன் 0, கணுவுக்கு முன் 1 என்ற ஒரு பைட்டை அது சேர்ப்பது, கணுவை இலையென்று காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க. ஒற்றைப்படையில் மிஞ்சுவதை பிட்காயின் இரட்டிப்பாக்கியதால் வெவ்வேறு பட்டியல்களுக்கு ஒரே வேர் கிடைக்கும் கோளாறு 2012-இல் வெளிப்பட்டது. மரத்தைச் சொந்தமாகக் கண்டுபிடிக்காமல் 6962-இன் பிரிப்பு முறையை அப்படியே எடுத்தால் போதும். ஆளுக்கொரு தலையை (வேரை) காட்டும் மோசடியை மரமும் தானாகப் பிடிக்காது.

ரெடிமேட் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அமேசானின் பேரேட்டு டேட்டாபேஸான க்யூஎல்டிபி 2025 ஜூலை 31-இல் மூடப்பட்டது. அழியாத பதிவைச் சேவை அழியக்கூடிய இடத்தில் வைத்தால் வெளியே எடுக்கும் வழியை முதல் நாளே சோதித்துவிடுங்கள். பிளாக்செயின், ஒருவரையொருவர் நம்பாத பலர் எழுதும் இடத்துக்கு மட்டும்.

அழியாத பேரேட்டில் தனிநபர் விவரத்தை அழிக்கச் சொன்னால் என்ன செய்வது? மூன்று வழிகளிலும் ஒரே மருந்து. ஆளுக்கொரு சாவியால் பூட்டி, பூட்டிய பைட்டுகளையே ஹேஷ் செய்து, அழிக்கச் சொன்னால் சாவியை அழிப்பது. மொபைல் எண்ணை வெறுமனே ஹேஷ் செய்வது மறைப்பே அல்ல. பத்து இலக்கத்தில் அதிகபட்சம் 1,000 கோடி எண்கள்தான், ஒரு கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி, முதல் வழியின் பூட்டுகளோடும் வெளியே போகும் தலையோடும். மென்பொருளின் மையப் பகுதிக்கு ‘சேர்’, ‘படி’, ‘சரிபார்’ என்ற மூன்று செயல்கள் போதும். சேமித்த பைட்டுகள் மாறாதவரை பின்னாளில் அவற்றையே இலைகளாக்கி மரம் கட்டலாம். சரிபார்ப்பானை வேறொரு மொழியில் தனி நிரலாக எழுதி, சோதனைப் பிரதியில் நான்கு தாக்குதல்களை ஓட்டிப் பாருங்கள். செயலி வழியாக அப்டேட்: டிரிக்கரே நிறுத்தும். சூப்பர்யூசராக நடுவில் ஒரு பைட்டை மாற்றுதல்: சங்கிலி காட்டும். கடைசி 50 பதிவுகளை வெட்டுதலும் நேற்றைய பேக்கப்பை மீட்டுப் போடுதலும்: டிரிக்கர் கேட்காது, சங்கிலியும் பச்சை விளக்கே காட்டும், தணிக்கையாளரின் இன்பாக்ஸில் கிடக்கும் 64 எழுத்துத் தலை ஹேஷ்தான் பொருந்தாமல் நிற்கும்.