டோர்சன் பார் மாற்றியதாகச் சொல்லி போல்ட்டைத் திருகிக் கொடுத்தார்கள்

திருகோணமலைப் பக்கம் பழைய கெப் வைத்திருப்பவர்கள், முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்கள், காசு கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

என்னுடையது 2002ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர் வீல் டபுள் கெப். இறக்கக்கண்டியிலிருந்து மீன் பெட்டி ஏற்றி டவுனுக்குக் கொண்டுவருவதுதான் அதற்கு வேலை. வயதும் உப்புக்காற்றும் போதாதென்று முன்னால் கனமான இரும்பு பம்பரும் பூட்டியிருந்தேன். போன மாரிக்குப் பிறகு முன்பக்கம் நன்றாகக் குந்திவிட்டது. வாடிக்கு இறங்கும் மணல் பாதையில் அடிப்பக்கம் உரசத் தொடங்கியது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து வேறு வண்டி மாற்றும் எண்ணத்தையே நான் விட்டிருந்தேன். இருப்பதைப் பேணிக்கொள்வோம் என்றுதான் ஒரு கராஜுக்குப் போனேன்.

"அண்ணே, டோர்சன் பார் இரண்டும் களைத்துப்போச்சு. தடிப்பான புதுப் பார் போட்டால் இரண்டு அங்குலம் தூக்கலாம்" என்றார் அங்கிருந்தவர். டோர்சன் பார் என்றால் முன்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பி. சாமானுக்கு 110,000 ரூபாய், கூலி 15,000. நான் நம்பினேன். மறுநாள் மாலை வண்டியை எடுக்கும்போது முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. கீழே குனிந்து பார்த்தேன், பார் இரண்டும் கருகருவென்று மினுங்கின. பில் கேட்டதற்கு ஒரு மட்டைத் துண்டில் 'முன் வேலை' என்று எழுதித் தொகையைப் போட்டுத் தந்தார்கள். எனக்கு அது போதுமென்று பட்டது. அதுதான் நான் விட்ட பெரிய பிழை.

அன்றே நிலாவெளி ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கும்போது இரும்பில் இரும்பு மோதுவதுபோல 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. போன் எடுத்துக் கேட்டேன். "புதுப் பார் அண்ணே, பழகும்வரை அப்படித்தான்" என்றார்கள். இரவில் எதிரே வருபவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து லைட் அடித்தார்கள். முன்பக்கம் எழும்பியதால் ஹெட்லைட் அவர்கள் கண்ணுக்கு நேரே போயிருக்கிறது. மூன்று கிழமை கழித்துக் கிண்ணியாப் பாலத்தில் போகும்போது ஸ்டியரிங் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேரே பிடித்தாலும் பக்கவாட்டில் அலைந்தது. மனைவியும் பிள்ளையும் கூட இருந்தார்கள். பாலம் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை.

இறங்கி டயரைத் தடவிப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே தடவினால் கை வழுக்கிக்கொண்டு போனது. உள்ளிருந்து வெளியே தடவினால் வாள் பல்லைப்போலக் குத்தியது. மூன்று கிழமையில்!

கிண்ணியாவிலேயே தெரிந்த ஒரு நானாவின் கராஜுக்கு விட்டேன். ஜக்கில் தூக்கிக் கீழே போனவர் பாரை நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் பொருக்காக உரிந்தது, உள்ளே சிவப்புத் துரு. "தம்பி, இது வண்டியோட வந்த பார். பெயின்ட்தான் புதுசு" என்றார். பிறகு பாரை முறுக்கும் போல்ட்டைக் காட்டினார். நட்டுக்குள் ஒளிந்திருந்த மரை இப்போது வெளியே பளபளவென்று தெரிந்தது. ஒரு பக்கப் போல்ட்டின் தலை மூலை தேய்ந்து உருண்டிருந்தது. அந்தப் போல்ட்டைத் திருக முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிப் பாரத்தை எடுக்க வேண்டுமாம், அதைக்கூடச் செய்திருக்க மாட்டார்கள் என்றார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளவு நாடா பிடித்தார். இடமும் வலமும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டான சீவி ஜொயின்ட்டை மூடியிருக்கும் பூட் ரப்பர் ஒன்று வெடித்து, சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் கிரீஸ் அடித்திருந்தது.

நானா விளக்கியதைச் சொல்கிறேன். டோர்சன் பார் என்பது முறுக்கித் தாங்கும் ஒரு ஸ்பிரிங் கம்பி. ஒரு முனை சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்மில் இருக்கும், மறுமுனை சேசிஸில் ஒரு நெம்புகோலில் இருக்கும். அந்த நெம்புகோலின் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் எழும்பும். குந்திய வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரத்தான் கம்பெனியே அதை வைத்திருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் போல்ட்டை இறுக்கினால் பார் பலமாகாது, அதே பார்தான். அளவுக்கு மேல் இறுக்கினால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் தீர்ந்துவிடும். எனக்குக் கேட்ட 'டக்' அதுதான், ஆர்ம் ஸ்டொப்பரில் போய் இடிக்கும் சத்தம். சீவி ஜொயின்ட்டும் அதிகமாக மடங்கி ஓடும். எலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், முழுக்க மாறிவிடும், டயரைத் தின்றது அதுதான். அதைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. காசு போனால் போகட்டும், அந்தப் பாலத்தில் ஒரு பஸ் எதிரே வந்திருந்தால்?

முதல் கராஜுக்குத் திரும்பப் போய்ப் பழைய பாரைக் கேட்டேன். "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றார்கள். அது என் வண்டியிலேயே இருக்கிறது என்றேன். "புதுப் பார் என்று பில்லில் எழுதியிருக்கா?" என்று கேட்டார் ஒருவர். எழுதியிருக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கையில் இருப்பது அந்த மட்டைத் துண்டு மட்டும்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். வாகன இலக்கம், பூட்டிய சாமானின் பெயர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

வண்டியை விடுமுன் பாரையும் போல்ட்டையும் போனில் படம் எடுங்கள், வெளியே தெரியும் மரையும் படத்தில் விழட்டும். சக்கர நடுவிலிருந்து மட்காட்வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். கழற்றிய சாமானை அன்றைக்கே கையில் வாங்குங்கள். புதுப் பாரில் இடது, வலது என்று அடையாளம் இருக்கும், பூட்டுமுன் காட்டச் சொல்லுங்கள். உயரம் கூடியதைப் பார்த்து மட்டும் புதுச் சாமான் என்று நம்பாதீர்கள். 2005க்குப் பிறகு வந்த ஹைலக்ஸில் முன்னால் சுருள் ஸ்பிரிங். அதில் திருக இப்படிப் போல்ட் இல்லை, ஆனால் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டையை வைத்தும் இதே உயரத்தைக் காட்டலாம்.

நானா போல்ட்டைத் தளர்த்தி, குந்தியிருந்த உயரத்தைவிட ஒரு அங்குலம் மட்டும் கூட வைத்து, இரண்டு பக்கமும் சமப்படுத்தித் தந்தார். பூட் ரப்பர் மாற்றி, டவுனில் எலைன்மென்ட்டும் பார்த்து, ஹெட்லைட்டையும் இறக்கிய பிறகு 'டக்' சத்தம் நின்றுவிட்டது. முன் டயர் இரண்டும் இனி உதவாது. வாடியில் படகுக்கு முட்டுக்கொடுக்கப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் வருபவர்கள் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.