57 செவ்ரலேயா, ஃபோர்டா, ப்ளிமத்தா? ரீஸ்டோர் செய்யாத கார் வாங்கப் போகிறவர்களுக்கு

1957 மாடல் அமெரிக்கக் கார் ஒன்று, யாரும் கைவைக்காதது, பாடி கெட்டியாக இருக்கிறது என்று விற்பனைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது என்ஜின் ஓடுகிறதா என்றுதான். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். நின்றுபோன என்ஜினை இறக்கிப் பிரித்து ஓட வைத்துவிடலாம், கார்புரேட்டரைக் கழுவி மாட்டிவிடலாம், ஆனால் துரு தின்ற தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுசு வைத்து வெல்டிங் அடிக்க ஆரம்பித்தால் கார் வாங்கிய காசுக்கு மேல் அங்கேயே போய்விடும். அதனால் மூன்று கார்களையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்: அடியில் இரும்பு எவ்வளவு மிச்சம், போனதற்கு மாற்று கிடைக்குமா?

செவ்ரலேதான் எல்லோர் கண்ணிலும் இருக்கிற கார். வால் இறக்கை, இடது பக்க இறக்கையின் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பெட்ரோல் மூடி, 283 கன அங்குல வி8 (V வடிவில் எட்டு சிலிண்டர்) என்ஜின் என்று பெயர் வாங்கியது. இதன் பெரிய பலம் உதிரிபாகம். மட்கார்டு, தரைத்தகடு, டிக்கித் தகடு, ரப்பர் பீடிங், ஏன், சில மாடல்களுக்கு முழு பாடியே இன்றும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். துரு பிடிக்கும் இடங்களும் தெரிந்தவைதான். 57இல் கேபினுக்குள் காற்று வரும் வழியை ஹெட்லைட்டுக்கு மேலே கொண்டுபோனார்கள், அந்தக் குழிக்குள் இலையும் சேறும் போய்த் தங்கி உள்ளிருந்தே அரிக்கும், அதனால் ஹெட்லைட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றி மட்கார்டின் கீழ்விளிம்பில் வையுங்கள், பிடிக்காமல் நழுவினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். செவ்ரலேயின் உயர்ரக மாடலான இரண்டு கதவு பெல் ஏர் ஹார்ட்டாப்புக்கு (கதவுகளுக்கு நடுவே தூண் இல்லாத கூரை) கேட்கிற விலையைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். அதே வருடத்து, அதற்கு ஒரு படி கீழான நாலு கதவு 210 செடான், ஆறு சிலிண்டர் 235 என்ஜினோடு, அதைவிட வெகு மலிவாகக் கிடைக்கும். சேஸிஸ் அதேதான், முகமும் அதேதான், ஓட்டும் சுகத்தில் குறை ஒன்றும் இல்லை.

ஃபோர்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மாடல் வருடத்தில் விற்பனையில் செவ்ரலேயை முந்தியது இதுதான், 16 லட்சத்துக்கு மேல் போனது. சேஸிஸை இருபுறமும் வெளியே வளைத்துத் தரையை அதற்குள் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள், அதனால் கார் தாழ்வாக, நீளமாகத் தெரியும். பானெட் முன்பக்கம் கீல் வைத்துத் திறப்பது, ஓடும்போது கொக்கி விட்டாலும் காற்றில் தூக்கிக்கொண்டு போகாது, நல்ல யோசனை. வி8 என்ஜினில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கு எண்ணெய் ஏறும் வழி சிறியது, பழைய எண்ணெய்க் கசடு அடைத்தால் அது காய்ந்து தேய ஆரம்பிக்கும். வால்வு கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பாகங்கள் செவ்ரலே அளவுக்குக் கிடைக்காது, ஆனாலும் சமாளிக்கலாம்.

இப்போது ப்ளிமத். என் மனசு இங்கேதான் இருக்கிறது. ப்ளிமத்தைத் தயாரித்த க்ரைஸ்லர் நிறுவனத்தின் டிசைன் தலைவர் வர்ஜில் எக்ஸ்னர் குழு வடிவமைத்த கார், '1960 இப்போதே வந்துவிட்டது' என்கிற பொருளில் விளம்பரம் செய்தார்கள், பக்கத்தில் செவ்ரலேயை நிறுத்தினால் அது போன தலைமுறைக் கார் மாதிரி தெரியும். முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பிதான் (டார்ஷன் பார்), வளைவில் சாயாமல் போகும். செவ்ரலேயின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பவர்கிளைடுக்கு இரண்டே கியர், இதில் வி8 எடுத்தவர்களுக்கு மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டார்க்ஃப்ளைட் கிடைத்தது, டாஷ்போர்டின் இடது ஓரத்தில் பொத்தானை அழுத்தினால் கியர் விழும்.

ஆனால் அவசரத்தில் கட்டிய கார். தண்ணீர் ஒழுகும், சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று புதிதாக இருந்தபோதே கெட்ட பெயர் எடுத்தது. அமெரிக்காவின் துல்சா நகரில் 1957 ஜூனில், ஐம்பது வருடம் கழித்துத் திறப்பதற்காக, ஒரு புத்தம் புது ப்ளிமத் பெல்வெடேரை கான்கிரீட் அறைக்குள் புதைத்து 2007இல் வெளியே எடுத்தார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்து, பொன்னிறமும் வெள்ளையுமாக உள்ளே போன கார் சேறும் துருவுமாக வந்தது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

வறண்ட அரிசோனாப் பக்கம் நான் பார்த்த நாலு கதவு ப்ளிமத் சவாய் ஒன்று அதற்கு நேர்மாறு. சீட் துணி வெயிலில் அப்பளமாக நொறுங்கியது, கண்ணாடி ரப்பர் கையோடு உதிர்ந்தது, கூரையில் பெயின்ட் போய் வெறும் தகடு தெரிந்தது. மல்லாந்து படுத்து முன்சீட்டுக்கு அடியில் முறுக்குக் கம்பியின் பின்முனை வந்து சேரும் குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். பொத்தென்று உள்வாங்கவில்லை, கணீரென்றது. ப்ளிமத்தில் உயிர்நாடி அந்தச் சட்டம்தான், அது அரித்துப் போனால் கம்பியைத் தாங்க ஆள் இல்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டின் மேல்பகுதியும் ஓட்டை இல்லாமல் இருந்தது, அங்கேதான் இந்தக் கார் முதலில் பொரியும்.

என் முடிவு இதுதான். குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புப் போடும் மிச்சிகன், ஒஹாயோ பக்கத்துக் கார் என்றால் செவ்ரலேயைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள், போன தகட்டைக் காசு கொடுத்தாவது வாங்கலாம். வறண்ட மாநிலத்தில் கெட்டியான ப்ளிமத் கிடைத்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை எடுங்கள். நல்ல செவ்ரலே அடுத்த மாதமும் வரும், துரு இல்லாத 57 ப்ளிமத் வராது. சீட் துணி, ரப்பர் எல்லாம் கடையில் தேடிக்கொள்ளலாம்.

அப்புறம், எதை எடுத்தாலும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். மூன்றிலும் பிரேக் ஒரே குழாய் வழிதான், ஒரு பழைய ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் பிடிக்காது. டிரெய்லரில் ஏற்றுங்கள். ப்ளிமத் என்றால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், அதன் கியர் பொத்தான்களில், நிற்கும் காரை நகராமல் பூட்டும் 'பார்க்' கிடையாது.