ஆறு கோடை ஓடிய 5 லிட்டர் பேட்ச் ஃப்ரீசர்: ரோஸ்ஹில் ஐஸ்கிரீம் கடை அனுபவம்

குடும்பமாக ஐஸ்கிரீம் கடை போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "மெஷின் மணிக்கு எத்தனை லிட்டர் போடும்?" என்றுதான். மொரிஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் உள்ள எங்கள் கடையில் இருப்பது மேசைமேல் வைக்கும் 5 லிட்டர் பேட்ச் ஃப்ரீசர், அதாவது சிலிண்டரில் ஊற்றிய கலவையைக் கடைந்தபடியே பேட்ச் பேட்சாக உறையவைக்கும் மெஷின். சிங்கிள் ஃபேஸ், காற்றால் குளிரும் வகை, ஆறு கோடை ஓடிவிட்டது. இப்போது கேட்டால், மெஷினைவிட அதற்குப் பக்கத்தில் நிற்கும் டீப் ஃப்ரீசருக்குத்தான் முதலில் பணம் ஒதுக்கச் சொல்வோம்.

காரணம் எளிது. மெஷினிலிருந்து −7 டிகிரியில் வெளிவரும்போது கலவையிலுள்ள தண்ணீரில் பாதிக்குச் சற்று மேல்தான் உறைந்திருக்கும். மீதி டீப் ஃப்ரீசரில்தான் உறைய வேண்டும். அது மெதுவாக நடந்தால் பனித்துகள் பெரிதாகி, நாக்கில் நறநறக்கும். வாடிக்கையாளர் மெஷினைக் குறை சொல்வார், மெஷினோ தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும். −25க்கு இறங்கும் பெட்டி, முன்கூட்டியே குளிரவைத்த தட்டையான 2.5 லிட்டர் டப்பாக்கள், அவற்றுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி. இந்த மூன்றும் இருந்தால் சாதாரண மெஷினே போதும்.

5 லிட்டர் சிலிண்டர் என்றால் 3 லிட்டர் கலவைதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் காற்று ஏற இடமில்லாமல் கல்லாகிவிடும். 3 லிட்டர் போட்டால் 4 லிட்டர் வாக்கில் வரும். வீட்டு ஐஸ்கிரீமுக்கு அந்த அளவு காற்று சரி. ஒரு பேட்சுக்கு 9 நிமிடம் ஆகும். 14 நிமிடத்தைத் தொட்டால் ஏதோ கோளாறு. அநேகமாக, சூட்டை வெளியேற்றும் கன்டென்சரின் தகடுகளில் தூசி அடைத்திருக்கும். சமையலறையில் சர்க்கரைத்தூளும் மாவும் பறப்பதால் இரண்டு வாரத்துக்கொரு முறை மெல்லிய பிரஷ்ஷால் தட்ட வேண்டும். போர்ட் லூயி, கிராண்ட் பே போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத் தகட்டை அரித்துவிடும், அங்கே வாரம் ஒருமுறை. மெஷினுக்குப் பின்னால் ஒரு முழம் இடம் விடாமல் சுவரோடு ஒட்டிவைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

தகடு சுத்தமாக இருந்தும் நேரம் இழுத்தால், சிலிண்டர் சுவரைச் சுரண்டும் ஸ்கிரேப்பர் பிளேடைப் பாருங்கள். விளிம்பு தேய்ந்து சிலிண்டர் சுவரில் மெல்லிய பனிப்படலம் தங்கிவிடும், அதுவே போர்வையாகிக் குளிரை உள்ளே விடாது. வருடத்துக்கு ஒரு செட் பிளேடு. சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீலை ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். சொட்டுக்குழாயில் பால் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும், தாமதித்தால் பேரிங்கும் போகும். பாகங்கள் கப்பலில்தான் வருகின்றன, ஆகவே கையில் இரண்டு செட் வைத்திருப்பது நல்லது.

கலவைக்கு வருவோம். தீவில் பசும்பால் அரிது, பால்பவுடர்தான் நடைமுறை. 10 கிலோவுக்கு எங்கள் கணக்கு: கொழுப்புப் பால்பவுடர் 1 கிலோ, கொழுப்பு நீக்கியது 200 கிராம், 35 சதவீத கிரீம் 1.8 கிலோ, சர்க்கரை 1.25 கிலோ, டெக்ஸ்ட்ரோஸ் 350 கிராம், குவார் கம் 20, லோகஸ்ட் பீன் கம் 15 கிராம், மீதி தண்ணீர். 45 டிகிரித் தண்ணீரில் பவுடரைக் கரைக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் கம் இரண்டையும் பத்து மடங்கு சர்க்கரையில் புரட்டித் தூவாவிட்டால் மீன்கண் போலக் கட்டிகட்டும். 69 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, பாத்திரத்தைப் பனித்தண்ணீரில் இறக்கி வேகமாக 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கெட்டியாக வேண்டுமென்று பால்பவுடரைக் கூட்டாதீர்கள். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் அதிகமானால் இரண்டு வாரத்தில் மணல் கடிக்கும்.

இதில் முட்டையும் ஜெலட்டினும் இல்லை. தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் தெரு முழுக்க அப்படிப்பட்டதைத்தான் கேட்பார்கள். கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கும் எமல்சிஃபையர் வாங்கினால் தாவரத்திலிருந்து எடுத்ததா என்று பையில் பாருங்கள், விலங்குக் கொழுப்பிலும் செய்கிறார்கள்.

விக்டோரியா அன்னாசியைப் பச்சையாகப் பாலில் போட்டால் அதிலுள்ள நொதி பால்புரதத்தை உடைத்துக் கசக்கவைக்கும். 80 டிகிரிக்குச் சில நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் தீர்ந்தது. லிச்சியைப் பால் சேர்க்காத சோர்பேயாகப் போடுவதே மேல். சர்க்கரை அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 28 காட்டும்வரை சர்க்கரை சேர்க்கலாம். கருஞ்சர்க்கரை சுவைக்கு ஆள் அதிகம், ஆனால் வெல்லம் போட்டுக் கொதிக்கவிட்ட பாயசம் திரிவதுபோல் இதுவும் திரியும். பால் கலவை ஆறியபிறகே கலக்கவும். அலூடா ஐஸ்கிரீம் மட்டும் வேண்டாம். அலூடா என்ற பால் பானத்தில் இருக்கும் கடற்பாசியும் சப்ஜா விதையும் உறைந்தால் சரளைக்கல். அலூடாவை டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு கரண்டி வனிலா வைத்துக் கொடுங்கள்.

காவடியும் சைக்ளோன் பருவமும் ஒன்றாக வருவது இந்தத் தொழிலின் சாபம். 2024இல் பெலால் சைக்ளோன் தாக்கியது ஜனவரி 15, காவடி ஜனவரி 25. ஃப்ரீசர் நிறைந்திருக்கும் வேளை பார்த்துக் கரண்ட் போகும். சும்மா தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்குவதில் பயனில்லை. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும், ஐஸ்கிரீம் அதற்கு முன்பே குழம்பாகிவிடும். லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்த பாட்டில்கள்தான் −21க்கும் −13க்கும் இடையே உருகிப் பெட்டியைத் தாங்கும். அவை கெட்டியாக உறைய ஃப்ரீசர் −24 காட்ட வேண்டும். எச்சரிக்கை அறிவித்தபின் தொடங்கினால் நேரம் போதாது, டிசம்பரிலிருந்தே உள்ளே கிடக்கட்டும்.

உள்ளே இரண்டு கப் வைத்துவிடுங்கள், ஒன்றில் அந்த உப்புநீர், ஒன்றில் நல்ல தண்ணீர், இரண்டும் உறைந்தபின் மேலே ஒரு நாணயம். கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தால், உப்புநீரில் மட்டும் நாணயம் முங்கியிருந்தால் பதம் போயிற்று என்று பொருள். கரண்டியில் விற்க வேண்டாம், அன்றே மில்க்‌ஷேக்குக்குக் கொடுத்துவிடலாம். இரண்டிலும் முங்கியிருந்தால் டப்பாவைத் திறந்து ருசி பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.