எடை குறைக்க 300 ரூபாய் தராசு: எதை நிறுக்கலாம், எங்கே ஏமாறுவோம்

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் ஜிம் கட்டணம், புரோட்டீன் பவுடர் என்று ஆயிரக்கணக்கில் போகிறது. அதற்கெல்லாம் முன்பே வாங்க வேண்டியது சமையலறை டிஜிட்டல் தராசு. வெள்ளை பிளாஸ்டிக் உடல், நடுவில் வட்டத் தட்டு, இரண்டு பென்சில் பேட்டரி. 'எஸ்எஃப்-400' என்ற மாடல் எண்ணில் பல பெயர்களில் விற்கிறார்கள். விலை சுமார் 300 ரூபாய். ஒவ்வொரு கிராமாகக் காட்டும். வீட்டுச் சமையலுக்கு இது தாராளம்.

முதல் வேலை எண்ணெய். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. 15 கிராம் கூடுதலாக விழுந்தால் 135 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்து செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். காலையில் நடந்ததை மதியக் கத்தரிக்காய் வதக்கல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நடை வீண் என்று இதற்குப் பொருளில்லை. இதயத்துக்கும் தசைக்கும் அது கட்டாயம் வேண்டும். ஆனால் எடை இறங்காமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வாணலியில்தான் இருக்கும்.

இந்தத் தராசு ஏமாற்றுவதும் எண்ணெயில்தான். கிண்ணத்தை வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் எண் நகராமலே நிற்கும். சும்மா இருக்கும்போது எண் தானாக ஏறி இறங்காதிருக்க, மிகச் சிறிய மாற்றங்களைத் தள்ளிவிட்டுப் பூஜ்யத்தில் நிற்கும்படி இதை அமைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணெயை நிறுக்காதீர்கள், பாட்டிலை நிறுங்கள். பாட்டிலைத் தட்டில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்தினால் 0 வரும். தாளிக்க ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். -18 என்று காட்டினால் வாணலிக்குள் போனது 18 கிராம். சில நிமிடம் தொடாவிட்டால் தராசு தானாக அணைந்துவிடும், கணக்கும் போய்விடும். எனவே பாட்டிலின் மொத்த எடையை முதலிலேயே எழுதிவைப்பது நல்லது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு ஒரு நாள் எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். மளிகைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சோறு. சாதமாக நிறுத்துவிட்டு, அரிசிக்கான கலோரியைப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே அரிசி தண்ணீரை உறிஞ்சிச் சாதமானால் எடை இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். குக்கரா, வடித்ததா, பழைய அரிசியா, புதிதா என்பதைப் பொறுத்து மடங்கு மாறும். அதனால் உங்கள் வீட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு 400 கிராம் அரிசி போடுங்கள். வெந்தபின் பாத்திரத்தைக் கழித்தால் 1,080 கிராம் என்றால் மடங்கு 2.7. ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி உங்கள் அளவு என்றால் தட்டில் 200 கிராம் சாதம். தட்டை வைத்து 'டேர்' அழுத்திப் பரிமாற அரை நிமிடம் போதும்.

அகலமான பாத்திரம் எண் திரையை மறைத்துவிடும். சுடு பாத்திரம் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து பிரிமணை. அதைத் தட்டில் வைத்து 'டேர்' செய்துவிட்டு, பாத்திரத்தை அதன்மேல் ஏற்றுங்கள். தராசு தாங்கும் உச்ச அளவில் பாத்திரத்தின் எடையும் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, முந்திரி மூன்றையும் நிறுக்க வேண்டும். கைப்பிடி வேர்க்கடலை என்பது 30 கிராம் என்றால் சுமார் 160 கலோரி. கை பெரிதானால் 50 கிராம் ஆகிவிடுகிறது. கீரை, சுரைக்காய், வெள்ளரிக்காயை நிறுத்து நேரத்தைச் செலவிட வேண்டாம், வயிறார உண்ணுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் சாத அளவு கண்ணுக்குப் பழகிவிடும். எண்ணெய் மட்டும் பழகாது, தொடர்ந்து நிறுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். உணவைப் பற்றிய பயம், பட்டினி கிடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பொருளைப் பரிந்துரைக்க மாட்டோம்.

தண்ணீர் புகுந்தால் பொத்தான் செத்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும், குழாயடியில் காட்டக்கூடாது. துணி விரித்த மேசையிலும், ஓடும் மின்விசிறியின் கீழும் எண் நிலைக்காது. எண் திடீரென மிகச் சிறியதாகத் தெரிந்தால் அவுன்ஸுக்கு மாறியிருக்கும். அலகுப் பொத்தானை அழுத்திக் கிராமுக்குக் கொண்டுவாருங்கள். வாங்கிய அன்றே பத்து 10 ரூபாய் நாணயங்களை ஒன்றாக வையுங்கள். 77 கிராம் காட்ட வேண்டும். பிறகு தட்டின் நடுவிலும் ஓரத்திலும் மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு கிராமுக்கு மேல் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.